வண்டி வயரிங் கேள்வி-பதில்: இரண்டாவது ராத்திரி பிரிட்ஜ் ஏன் நிற்கிறது?

கரூர் பஸ் பாடி பட்டறைகளில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஹாரன், ஹெட்லைட், செல்ஃப் எடுக்காத வண்டி என்றுதான் இருக்கும். இப்போது கேரவன் வைத்திருப்பவர்களும் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கு.

*

கேள்வி: ஐயா, நான் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி, ஆர்டிஓ ஒப்புதலும் வாங்கியாயிற்று. கூரையில் 335 வாட் சோலார் பேனல். 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் 150 ஏஎச் டியூபுலர் (ஈய ஆசிட்) பேட்டரி, வீட்டுக்குப் போடும் 850 விஏ இன்வெர்ட்டர். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையில் ஓடுவது 4 ஸ்கொயர் எம்எம் வயர். 12 வோல்ட் பிரிட்ஜ் அடாப்டர் போட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது. ராமேஸ்வரம் மாதிரி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினால் முதல் ராத்திரி பிரச்சினை இல்லை. இரண்டாவது ராத்திரி மூன்று, நான்கு மணிக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. இன்னொரு டியூபுலர் போடச் சொல்கிறார் மெக்கானிக். லித்தியத்துக்கு மாறச் சொல்கிறார் மாப்பிள்ளை. எதைச் செய்வது?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் சார். உங்கள் பேட்டரி சின்னது இல்லை. அதற்கு வந்து சேர வேண்டியது வழியிலேயே நிற்கிறது. வருமானம் வராத கணக்குக்கு இன்னொரு பாஸ்புக் போட்டு என்ன பிரயோஜனம்? பேங்கில் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் செலவைப் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 40 ஆம்பியர் ஹவர் எடுக்கும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் ஹவர்; பேட்டரியில் ஏஎச் என்று போட்டிருப்பதும் அதுதான்). 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரன்ட் குறைவாக எடுக்கும் வகை) எட்டு மணி நேரம் சுற்றினால் 22. எல்இடி லைட், தண்ணீர் மோட்டார், போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 17 வைத்துக்கொள்ளுங்கள். ஆக 80 சுமார். நீங்கள் கணக்கில் சேர்க்காத ஆள் ஒருவர் இருக்கிறார், அவர்தான் இன்வெர்ட்டர். எதையும் ஓட்டாவிட்டாலும், ஆன் செய்து வைத்திருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கு 15 முதல் 20 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு அது 30 முதல் 40 ஆம்பியர் ஹவர் வந்துவிடும். பிரிட்ஜ் ஒன்றுக்காகவே அதை ராத்திரி பகலாக ஆனில் வைத்திருக்கிறீர்கள். மொத்தச் செலவு 115-ஐத் தொடுகிறது.

இனி வரவு. பேனலுக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். 335 வாட் என்றால் வி-எம்பி (முழுப் பவர் தரும்போது பேனலின் வோல்டேஜ்) 38 வோல்ட் சொச்சம், ஐ-எம்பி (அப்போது வரும் ஆம்பியர்) 8.8 ஆம்பியர் சுமாருக்குப் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் 335. ஆனால் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பெருக்கத் தெரியாதது. பேனலையும் பேட்டரியையும் நேராகக் கோர்த்துவிட்டு, பேட்டரி நிறையும்போது வெட்டி வெட்டி விடும், அவ்வளவுதான் அதன் வேலை. பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13-க்கு இறங்கி வர வேண்டும். 8.8 ஆம்பியர் இன்டு 13 வோல்ட், 114 வாட். 335-க்குக் காசு கொடுத்து, மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உச்சி வெயில் அளவில் கணக்கிட்டால் நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மணி நேரம் தேறும். எனவே வரவு 44 ஆம்பியர் ஹவர்.

செலவு 115, வரவு 44. தினமும் துண்டு 70. டியூபுலர் பேட்டரியை அதன் ஆயுள் கெடாமல் பாதிவரைதான் இறக்கலாம், அதாவது 75. ஒரு நாள் துண்டு விழுவதை அது தாங்கிக்கொள்ளும். மறுநாள் ராத்திரி தாங்காது. உங்கள் வண்டி சரியாகக் கணக்குப்படிதான் நிற்கிறது. மெக்கானிக் சொன்னபடி இன்னொரு பேட்டரி போட்டிருந்தால் மூன்றாவது ராத்திரி நின்றிருக்கும். கூடவே 50 கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பேட்டரியுமே ஒருநாளும் முழுசாக நிறையாமல், தட்டில் சல்பேட் ஏறிச் சீக்கிரமே செத்திருக்கும்.

ஆகவே முதல் செலவு எம்பிபிடி கன்ட்ரோலர். பேனலை அதன் சொந்த வோல்டேஜிலேயே ஓடவிட்டு, மிச்ச வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தருவது இதுதான். 335 வாட் முழுசும் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். மதிய வெயிலில் கூரைப் பேனல் 65 டிகிரிவரை சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 வரை போய்விடும். ஆக 335 என்பது 280 ஆகிவிடும். அப்படியும் பேட்டரிக்கு 20 ஆம்பியர் போகும். இப்போது போகும் 8.8-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல், அதே பேனல், அதே வெயில். லேபிளில் 100/30 என்று இருப்பதை வாங்குங்கள். பேனல் பக்கம் 100 வோல்ட்வரை தாங்கும், பேட்டரி பக்கம் 30 ஆம்பியர்வரை தரும் என்று அதற்கு அர்த்தம். பேட்டரி வாங்கும் காசோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான். ஒரு எச்சரிக்கை. மேலே எம்பிபிடி என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே பிடபிள்யூஎம் வைத்த டப்பாக்கள் மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. கையில் எடுத்தால் கனம் இல்லாமல், பின்னால் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டை) இல்லாமல், விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே காயில் இல்லாமல் எம்பிபிடி கிடையாது. காயில் என்றால் கனம் இருந்தே தீரும்.

அடுத்து அந்த 4 ஸ்கொயர் எம்எம் வயர். இதை நீங்களே சோதித்துவிடலாம். நல்ல வெயில் நேரத்தில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். உடனே பின்னால் போய், பேட்டரியின் ஈயக் கொம்பில் நேராக முனையை வைத்துப் பாருங்கள், கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. முன்னால் 14.4, பின்னால் 14.1 என்று காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். நாலு மீட்டர் போய், நாலு மீட்டர் திரும்பி வருகிற வயரில் 9 ஆம்பியருக்கே 0.3 வோல்ட் விழும். எம்பிபிடி போட்டு 20 ஆம்பியர் ஓடினால் 0.7 விழும். கன்ட்ரோலர் 14.4 கொடுத்துவிட்டோம் என்று திருப்தியாக உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குக் கிடைப்பதோ 13.7. டியூபுலருக்கு அது முழுச் சார்ஜே கிடையாது.

எனவே புதுக் கன்ட்ரோலரைப் பேட்டரி பக்கத்திலேயே, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், ஆசிட் ஆவி அடிக்கும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர். பிளஸ் வயரில், பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். பேனலிலிருந்து இறங்கும் வயர் நீளமாக இருந்தால் பாதகமில்லை. அங்கே வோல்டேஜ் அதிகம், ஆம்பியர் குறைவு, எனவே 4 ஸ்கொயர் எம்எம் சோலார் வயரே போதும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இதை மாற்றிச் செய்து கன்ட்ரோலரைக் கொன்றவர்கள் நிறைய.

வயர் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கேரவன் பட்டறைக்கு வந்தது, சார்ஜ் நிற்கவில்லை என்று. பேட்டரி புதுசு. பிளஸ் லக்கைப் பார்த்தால், குழல் சப்பையாக, நடுவில் சுத்தியல் முனையின் தடம். வயரின் சிவப்பு உறை ஓர் அங்குலத்துக்குக் காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தது. விரலால் தொட்டால் சுட்டது, இரண்டு அங்குலம் தள்ளித் தொட்டால் ஜில்லென்று இருந்தது. இழுத்ததும் இழைகளில் பாதி லக்கில் சேராமல் தனியாக வந்துவிட்டன. சுத்தியலால் தட்டிய லக் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். வண்டி குலுங்கக் குலுங்கத் தளரும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் (லக்கை வயரோடு அழுத்தி இறுக்கும் கருவி) வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். இல்லை என்றால் வேறு ஆள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

மூன்றாவது, பிரிட்ஜ். அது 12 வோல்ட் பிரிட்ஜ். 12 வோல்ட்டை இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, அடாப்டரில் மறுபடி 12 ஆக்கிக் கொடுப்பது எதற்கு? 6 ஸ்கொயர் எம்எம்மில் தனி லைன் இழுத்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள். டியூபுலரைப் பாதிக்குக் கீழே இழுத்துவிடாமல், பிரிட்ஜின் லோ-வோல்டேஜ் கட்-ஆஃபை (பேட்டரி இறங்கினால் பிரிட்ஜ் தானே நிற்கும் அளவை) உயர்த்தி வையுங்கள். ஃபேனையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம். பஸ் டிரைவர் கேபினில் சுற்றும் ஃபேனையே தேடி வாங்கலாம், சத்தம்தான் கொஞ்சம் இருக்கும். அப்புறம் மிக்ஸி, லேப்டாப்புக்கு மட்டும் இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தால் செலவு 80-க்கு இறங்கும், வரவு 100 பக்கம் ஏறும். ஈய பேட்டரியில் 100 போட்டால் 85 அளவுதான் திரும்பக் கிடைக்கும், கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைய நாலு மணி நேரம் இழுக்கும். ஆகவே மழை மூட்டமான நாளில் இழுபறிதான். ஆனால் வெயில் இருக்கும்வரை ராமேஸ்வரத்தில் ராத்திரி பிரிட்ஜ் நிற்காது.

மாப்பிள்ளை சொன்ன லித்தியத்தையும் நான் தள்ளவில்லை. இந்த டியூபுலர் ஓய்ந்ததும் அதற்குத்தான் போக வேண்டும். சொல்லப் போனால், நீங்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் டியூபுலர் இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கக்கூடிய வாயு அது. மூடியுள்ள பெட்டியில் பேட்டரியை வைத்து, பெட்டியின் மேல்பகுதியிலிருந்து குழாய் போட்டு வண்டிக்கு வெளியே விடச் சொல்லுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

லித்தியம் வாங்கும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எழுதியிருக்க வேண்டும். பழைய எலக்ட்ரிக் வண்டி பேக்கைப் பிரித்துக் கட்டியது, வேறு ரசாயனம், எதுவும் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். 200 ஏஎச் போதும். எடை டியூபுலரில் பாதிகூட இருக்காது, அதில் 80 சதவீதத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம். எம்பிபிடியில் சார்ஜ் வோல்டேஜை 14.2-லிருந்து 14.4-க்குள் வைத்து, ஃப்ளோட் (நிறைந்த பிறகு தாங்கி வைக்கும் வோல்டேஜ்) 13.5 வைத்து, ஈக்வலைஸ் (அவ்வப்போது கூடுதல் வோல்டேஜ் ஏற்றுவது) என்பதை ஆஃப் செய்துவிடுங்கள். ஈக்வலைஸ் ஈய பேட்டரிக்கான மருந்து, லித்தியத்துக்கு ஆகாது. டெம்பரேச்சர் காம்பென்சேஷனும் (சூட்டுக்கேற்பச் சார்ஜ் வோல்டேஜை மாற்றுவது) ஆஃப். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இல்லையென்றால், கரன்ட் பாயின்ட்டில் செருகி அதன் மூலம் சார்ஜ் செய்யாதீர்கள். பேட்டரியைத் தரை மட்டத்தில், வெயில் படாத பக்கம் வையுங்கள். பூட்டி நிறுத்திய வண்டிக்குள் மே மாதச் சூடு அதன் ஆயுளைத் தின்னும்.

லித்தியத்தோடு சேர்த்தே வாங்க வேண்டியது டிசி-டிசி சார்ஜர், அதாவது டைனமோ கரன்ட்டை அளவோடு பின் பேட்டரிக்கு ஏற்றும் பெட்டி. இப்போது வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து ரிலே வழியாகப் பின் பேட்டரிக்குச் சார்ஜ் போகிறது இல்லையா? ஈய பேட்டரி அளவாக இழுக்கும். லித்தியம் கொடுத்ததையெல்லாம் இழுக்கும். என்ஜின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் லோடு முழுசாக ஏறும், காயில் கருகிவிடும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால் அதற்கு மேல் இழுக்காது. பிஎஸ்-6 வண்டிகளில் சிலவற்றில் டைனமோ வோல்டேஜையே கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும். அங்கே ரிலேவை நம்பினால் ஈய பேட்டரிகூட நிறையாது.

போகிற போக்கில் கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 22 கிலோ சுமாருக்கு உள்ள பேனல் அது. 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதைத் தூக்கத்தான் பார்க்கும். தகட்டில் மட்டும் ஸ்குரூ இறங்கியிருந்தால் போதாது, கூரைச் சட்டத்தில் போல்ட் இறங்கி, நைலான் பூட்டுள்ள நட்டு போட்டிருக்க வேண்டும். சீலன்ட் பாலியூரித்தேன் வகை. பேனலுக்கு அடியில் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் காற்றோடிச் சூடு குறையும்.

*

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம், 200 வாட் பேனல், எம்பிபிடி, 100 ஏஎச் ஏஜிஎம் (மூடிய ஈய வகை) பேட்டரி இரண்டு. ஜனவரியில் எல்லாம் ஜோராக ஓடியது. ஜூனில் காலையில் எழுந்தால் பேட்டரி காலி. இரண்டையும் எடுத்துவிட்டு லித்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். சரிதானா?
- ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: அம்மா, மேலே பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்ன 5 மணி நேரக் கணக்கு உங்கள் ஊருக்குப் பொருந்தாது. மெல்பர்ன் 38 டிகிரி தெற்கில் இருக்கிறது. படுக்கவைத்த பேனலுக்கு ஜனவரியில் 6 மணி நேரத்துக்கு மேல் தேறும், ஜூனில் 2 மணி நேரம்கூடத் தேறாது. அதுவும் யூகலிப்டஸ் நிழலில் வண்டியை நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். லித்தியம் போட்டாலும் சூரியன் கூட வராது. குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு மடக்குப் பேனல் வாங்கி, வண்டிக்கு வெளியே வடக்குப் பார்த்து நன்றாகச் சாய்த்து வையுங்கள். வடக்கு என்று அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் ஞாபகத்தில் தெற்குப் பார்த்து வைத்துவிட வேண்டாம். வண்டியில் டிசி-டிசி சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஜூன் மாதத்தில் ஒரு நாள் வெயில் தருவதைவிட அதிகமாகவே ஏறும்.

கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் கேரவன், மோட்டார்ஹோம் வயரிங்குக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற தரவிதி 2022-ல் வந்திருக்கிறது. அதன்படி ஆட்கள் தங்கும் பகுதிக்குள் லித்தியம் பேட்டரி சும்மா இருக்கக் கூடாது. உட்புறத்திலிருந்து முழுசாக அடைக்கப்பட்டு, வெளிப்பக்கம் காற்றுப் போக்கு உள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். வண்டிக்கு வெளிப்பக்கக் கதவு உள்ள அறை இருந்தால் அதுவே நல்ல இடம். உங்கள் வீட்டுக்காரரே செய்துவிடுவார் என்றாலும், விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் கேட்பார்.

*

கேள்வி: சோலாரிலேயே ராத்திரி முழுக்க 1 டன் ஏசி ஓட்ட முடியுமா அண்ணா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியாது தம்பி. இன்வெர்ட்டர் ஏசி என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட் சுமார் வரும். 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியர் ஹவருக்கு மேல். டிராவலர் கூரையில் நெருக்கி வைத்தாலும் இந்த அளவுப் பேனல் இரண்டுதான் பிடிக்கும். வெயில் நன்றாக அடித்தாலும் 3 யூனிட் தாண்டாது, அதில் பிரிட்ஜுக்கும் பங்கு உண்டு. படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டி அறையைக் குளிர்விக்கலாம். மீதிக்கு, கரன்ட் பாயின்ட் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்து.

*

கேள்வி: செப்டம்பரில் லடாக் போகிறோம். லித்தியம் பேட்டரி, 335 வாட் பேனல் இரண்டு சீரியஸில், 100/30 எம்பிபிடி. எதையாவது கவனிக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: இரண்டு விஷயம். லித்தியத்தைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். செலவழிக்கலாம், ஏற்றத்தான் கூடாது. நல்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) தானே தடுத்துவிடும், உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாங்காங் ஏரிப் பக்கம் செப்டம்பர் கடைசியில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், காலையில் பேட்டரி சூடேறும்வரை சார்ஜ் ஏறாவிட்டால் பயப்பட வேண்டாம்.

இரண்டாவதுதான் ஆபத்து. உங்கள் பேனல் லேபிளில் வி-ஓசி (லோடு இல்லாதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 46 வோல்ட் அளவில் இருக்கும். சீரியஸில் இரண்டின் வோல்டேஜும் கூடும், ஆக 92. அது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. குளிர ஆரம்பித்தால் டிகிரிக்கு நூற்றுக்கு 0.3 வீதம் ஏறும். பூஜ்யத்திலேயே 99-ஐத் தொட்டுவிடும், அதற்குக் கீழே போனால் 100-ஐத் தாண்டும். குளிர்ந்து கிடக்கும் பேனல் மேல் முதல் வெயில் விழும் அந்த நிமிஷத்தில் கன்ட்ரோலர் போய்விடும். கிளம்பும் முன் இரண்டு பேனலையும் பேரலலாக (வோல்டேஜ் கூடாது, ஆம்பியர்தான் கூடும்) மாற்றிவிடுங்கள், எம்சி-4 ஒய் கனெக்டர் (பேனல் வயர்களைச் சேர்க்கும் பிளக்) ஒரு ஜோடி போதும், அரை மணி நேர வேலை. உச்சி வெயிலில் 30 ஆம்பியருக்கு மேல் வருவதைக் கன்ட்ரோலர் தானே விட்டுவிடும், அதற்குக் கவலை வேண்டாம்.